அண்ணன் ஜெர்மனியில், தங்கை அமெரிக்காவில், தோப்பு காவேரிப்பட்டணத்தில்

"நம்ம நாட்டுலதான் வாரிசு வரியே இல்லையே, அப்புறம் என்ன சார் யோசனை?" கிருஷ்ணகிரியில் பத்திர எழுத்தர் முதல் வங்கி மேலாளர் வரை எல்லோரும் இதைத்தான் சொன்னார்கள். பொய்யில்லை. 1953-இல் கொண்டுவந்த எஸ்டேட் டூட்டியை 1985 மார்ச்சில் எடுத்துவிட்டார்கள். உயில் வழியாகவோ வாரிசு உரிமையிலோ கைக்கு வரும் சொத்து வருமான வரிக் கணக்கிலும் வராது. ஆனால் இது இந்தியா சொல்லும் பதில் மட்டும்தான். அண்ணன் குடியிருக்கும் நாடும் தங்கை குடியிருக்கும் நாடும் அதே கேள்விக்கு வேறு பதில் வைத்திருக்கின்றன. அப்பா காலமான பிறகு இதெல்லாம் ஒவ்வொன்றாகத் தெரியவந்தபோது துக்கத்தைவிட எரிச்சல்தான் அதிகமாக இருந்தது. முன்கூட்டியே ஒருவர் உட்காரவைத்துச் சொல்லியிருந்தால் பாதிச் செலவு மிச்சமாகியிருக்கும். பிள்ளைகளை வெளிநாட்டுக்கு அனுப்பிவிட்டு ஊரில் நிலத்தோடு இருக்கும் குடும்பங்கள் இந்தப் பக்கம் இப்போது நிறைய. அவர்களுக்காக இதை எழுதுகிறேன்.

முதலில் ஒரு விஷயத்தைப் பிரித்துப் பார்க்க வேண்டும். சில நாடுகள் இறந்தவரைப் பார்த்து வரி போடுகின்றன, சில நாடுகள் வாங்குகிறவரைப் பார்த்து. அமெரிக்காவும் பிரிட்டனும் முதல் வகை. இறந்தவர் அந்த ஊர்க்காரரா, சொத்து அந்த ஊரில் இருக்கிறதா என்று கேட்கும். ஜெர்மனி, ஜப்பான், பிரான்ஸ் எல்லாம் வாரிசையும் பார்க்கும். அப்பா கிருஷ்ணகிரியை விட்டு வெளியே போனதே இல்லை, சொத்து முழுக்கக் கிருஷ்ணகிரி மாவட்டத்தில் என்றாலும், மகன் ஜெர்மனியில் குடியிருந்தால் மகன் பங்கு ஜெர்மனியின் வாரிசு வரிக்குள் வந்துவிடும். சிங்கப்பூர் 2008-இல் எடுத்துவிட்டது, மலேசியா 1991-இலேயே எடுத்துவிட்டது, ஆஸ்திரேலியாவிலும் துபாயிலும் கிடையாது. பிள்ளை இந்த நாடுகளில் இருந்தால் பாதித் தலைவலி இல்லை. கனடாவில் வாரிசு வரி என்ற பெயரில் இல்லை. ஆனால் அங்கே குடியிருப்பவர் இறந்தால், இறந்த அன்றே சொத்தையெல்லாம் விற்றுவிட்டதாகக் கணக்கு வைத்து மூலதன ஆதாயத்துக்கு வரி கேட்பார்கள்.

அப்பா இருந்தபோதே அக்கம்பக்கத்தில் ஒரு யோசனை சொன்னார்கள்: "உயில் கியில்னு அலையாதீங்க, உயிரோட இருக்கும்போதே மூணு பேருக்கும் தானசெட்டில்மென்ட் எழுதிடுங்க." செலவைப் பார்த்தால் நல்ல யோசனை மாதிரிதான் தெரியும். தமிழ்நாட்டில் குடும்பத்துக்குள் செட்டில்மென்ட் என்றால் முத்திரைத் தீர்வை 1 சதவீதம், அதிகபட்சம் 40,000 ரூபாய். பதிவுக் கட்டணம் 1 சதவீதம், அதிகபட்சம் 10,000. 2023 ஜூலையில் ஏற்றிய தொகை இது. ஆனால் இரண்டு இடத்தில் இது கடிக்கும். முதலாவது அந்நியச் செலாவணிச் சட்டம், அதாவது ஃபெமா. வெளிநாட்டில் குடியிருக்கும் இந்தியரோ ஓசிஐ அட்டைக்காரரோ (இந்திய வம்சாவளி வெளிநாட்டுக் குடிமக்கள்) விவசாய நிலம், தோட்டம், பண்ணை வீடு இவற்றை விலைக்கும் வாங்கக்கூடாது, தானமாகவும் பெறக்கூடாது. வாரிசு உரிமையில் மட்டும் பெறலாம். மாந்தோப்பு விவசாய நிலம். அதை வெளிநாட்டு மகனுக்குச் செட்டில்மென்ட் எழுதினால் அது விதிமீறல், உயிலில் எழுதினால் சரி. சார்பதிவாளர் அலுவலகத்தில் இதைக் கேட்கமாட்டார்கள், பத்திரம் பதிவாகிவிடும். என்றைக்கோ அந்த நிலத்தை விற்றுப் பணத்தை வெளியே அனுப்ப வங்கிக்குப் போகும்போதுதான் கேள்வி வரும். இரண்டாவது அமெரிக்கா. அங்கே வாரிசாக வந்த சொத்துக்கு, இறந்த தேதியின் சந்தை விலையே அடக்க விலை. தானமாக வந்தால் அப்பா வாங்கிய பழைய விலைதான் அடக்கம். 1990-களில் சில ஆயிரங்களுக்கு வாங்கிய மனை இன்று முக்கால் கோடி என்றால், விற்கும்போது அந்த வித்தியாசம் முழுவதும் அமெரிக்க மகளின் லாபக் கணக்கில் ஏறும். இத்தனைக்கும் மேலாக, எழுதிக்கொடுத்துவிட்டு வயதான காலத்தில் பிள்ளைகள் முகத்தைப் பார்த்து நிற்பது தனிப் பிரச்சினை, அதற்குள் நான் போகவில்லை.

அப்பா உயில் எழுதவில்லை. அதனால் இந்து வாரிசுரிமைச் சட்டப்படி அம்மாவுக்கும் மூன்று பிள்ளைகளுக்கும் சம பங்கு, ஆளுக்குக் கால். இங்கே பலர் மறப்பது இறந்தவரின் தாயை. அப்பாவைப் பெற்ற பாட்டி உயிரோடு இருந்தால் அவரும் முதல் வகுப்பு வாரிசு, அவருக்கும் சம பங்கு உண்டு. பிறகு அவர் காலமானால் அந்தப் பங்கு சித்தப்பா, அத்தை வீடுகளுக்கும் பிரியும். எங்கள் வீட்டில் பாட்டி முன்னரே தவறிவிட்டதால் நான்கு பங்கோடு முடிந்தது. கணக்குக்கு வசதியாகச் சொல்கிறேன்: காவேரிப்பட்டணம் பக்கம் மாந்தோப்பு சுமார் 2 கோடி, கிருஷ்ணகிரி டவுனில் ஒரு மனை 1.6 கோடி, வங்கி வைப்பு 40 லட்சம். மொத்தம் 4 கோடி, ஆளுக்கு 1 கோடி.

வாரிசுச் சான்றிதழுக்கு இ-சேவையில் விண்ணப்பித்துவிடலாம். விஏஓ, ஆர்ஐ விசாரணை முடிந்து தாசில்தார் கையெழுத்து வரும். இதில் இழுத்தடித்தது பெயர்தான். அப்பா பட்டாவில் "முனுசாமி", கிரையப் பத்திரத்தில் "முனிசாமி", ஆதாரில் "முனிஸ்வாமி". தங்கை பாஸ்போர்ட்டில் இனிஷியலை விரித்து எழுதியதில் அப்பா பெயர் குடும்பப் பெயராகி, கல்யாணத்துக்குப் பிறகு அது கணவர் பெயராக மாறிவிட்டது. நம்ம ஊர் கிளார்க்குக்கு இது புரியும். ஜெர்மன் வரி அலுவலகத்துக்குப் புரியாது. ஆகவே இறப்புச் சான்றிதழ் வாங்கும்போதே ஆதாரில் உள்ளபடி எழுத்து எழுத்தாகச் சரிபார்த்துவிடுங்கள். பட்டா, பத்திரம், பான் மூன்றிலும் பெயர் வேறாக இருந்தால், பெற்றோர் உயிரோடு இருக்கும்போதே பட்டாவைத் திருத்துவது சுலபம். அவர் போன பிறகு "இருவரும் ஒருவரே" என்று பிரமாணப் பத்திரம், அதற்குச் சாட்சி, அதற்கு மேல் ஒரு கையெழுத்து என்று நீளும்.

அடுத்து மதிப்பீடு. பிந்திப் போனால் கஷ்டமான வேலை இதுதான். இறந்த தேதியில் ஒவ்வொரு சொத்தும் என்ன விலை போகும் என்று பதிவு பெற்ற மதிப்பீட்டாளரிடம் எழுத்தில் வாங்கிவைக்க வேண்டும். பதிவுக்கு அரசு குறித்திருக்கும் வழிகாட்டி மதிப்பு உதவாது. நம் முத்திரைத்தாள் கணக்குக்கு அது போதும், ஆனால் அமெரிக்காவோ ஜெர்மனியோ பிரிட்டனோ கேட்பது சந்தை விலை. தோப்பு என்றால் மதிப்பீட்டாளரை வெறும் சென்ட் கணக்கு போடவிடாதீர்கள். எத்தனை மரம், எத்தனை வயது, பெங்களூராவா செந்தூராவா அல்போன்சாவா, கிணறு ஓடுகிறதா, தார் ரோட்டிலிருந்து எவ்வளவு தூரம், அந்த வட்டாரத்தில் அதே வருடம் பதிவான கிரையங்கள் எவை என்று அறிக்கையில் இருக்க வேண்டும். மாங்கூழ் ஆலைக்குப் போகும் பெங்களூரா தோப்பும், ரோட்டோரம் மனை பிரிக்கக் காத்திருக்கும் தோப்பும் ஒரே விலை போகாது. கூடவே 2001 ஏப்ரல் 1 அன்றைய மதிப்பையும் கேட்டு வாங்குங்கள். அதற்கு முன் வாங்கிய சொத்தை இந்தியாவில் விற்கும்போது அடக்க விலையாக அந்தத் தேதியின் மதிப்பை எடுத்துக்கொள்ளலாம், ஆனால் அன்றைய வழிகாட்டி மதிப்பைத் தாண்டக்கூடாது. அந்தப் பழைய வழிகாட்டி மதிப்பைச் சார்பதிவாளர் அலுவலகத்தில் மனு போட்டு எடுத்துவைத்துக்கொள்ளுங்கள். ஒரே மதிப்பீட்டாளரிடம் இரண்டு தேதிக்கும் சேர்த்து வாங்கினால் செலவு குறையும்.

இனிதான் எங்களை உலுக்கிய விஷயம். தோப்பை நான் பார்த்துக்கொள்வதால் அண்ணனும் தங்கையும் தங்கள் பங்கை எனக்கு விட்டுக்கொடுப்பதாகப் பேச்சு. இந்தப் பக்கத்து வழக்கப்படி விடுதலைப் பத்திரம் தயாரானது. அண்ணன் அதைத் தூதரகத்துக்கு எடுத்துப் போவதற்கு முன் அங்கே ஒரு வரி ஆலோசகரிடம் காட்டினார். அவர் கையெழுத்து போட வேண்டாம் என்று நிறுத்திவிட்டார். காரணம் இது. அப்பாவிடமிருந்து மகனுக்கு வரும் சொத்தில் ஜெர்மனி 4 லட்சம் யூரோ வரை விலக்கு தருகிறது. 1 யூரோவைத் தோராயமாக 100 ரூபாய் என்று வைத்தால் 4 கோடி. அண்ணன் பங்கு 1 கோடிதான், எனவே வரி இல்லை. வாரிசானது தெரிந்த 3 மாதத்துக்குள் வரி அலுவலகத்துக்குத் தகவல் எழுதினால் போதும். ஆனால் அந்தப் பங்கை அண்ணன் தம்பிக்கு விட்டுக்கொடுத்தால் அது இரண்டாவது பரிமாற்றம், ஜெர்மன் கணக்கில் தானம். கொடுப்பவர் ஜெர்மனியில் குடியிருந்தாலே தான வரி உண்டு, வாங்குபவர் கிருஷ்ணகிரியில் இருந்தாலும் சரி. உடன்பிறந்தவர்களுக்கு விலக்கு வெறும் 20,000 யூரோ. தோப்பில் அண்ணனின் கால் பங்கு 50 லட்சம், அதாவது 50,000 யூரோ. விலக்கு போக 30,000-க்கு 15 சதவீதம் என்றால் 4,500 யூரோ வரி. ஏறக்குறைய நாலரை லட்சம் ரூபாய். நம்ம ஊர் நிலத்தை நம்ம ஊர் ஆளுக்கு விட்டுக்கொடுத்ததற்கு! தங்கை பக்கம் வரி வராது, ஆனால் வேலை வரும். அமெரிக்கக் குடியுரிமை உள்ளவர்களும் அங்கேயே நிரந்தரமாகத் தங்கிவிட்டவர்களும் ஒருவருக்கு ஒரு வருடத்தில் 19,000 டாலருக்கு மேல் தானம் செய்தால் படிவம் 709 கொடுக்க வேண்டும். 2025, 2026 இரண்டு ஆண்டுக்கும் வரம்பு இதுதான். பெண்பிள்ளை பிறந்த வீட்டுக்கு விடுதலை எழுதிக்கொடுப்பதை நாம் சும்மா ஒரு கையெழுத்து என்று நினைக்கிறோம். வெளிநாட்டு வரி அலுவலகத்துக்கு அது அரை கோடி ரூபாய் தானம்.

தீர்வு பாகப்பிரிவினை. வாரிசாக வந்த சொத்தைச் சம மதிப்பாகப் பிரித்துக்கொள்வது தானம் ஆகாது. தோப்பின் 2 கோடி எனக்கும் அம்மாவுக்கும் பாதிப் பாதி. டவுன் மனையும் வங்கி வைப்பும் சேர்ந்த 2 கோடி அண்ணனுக்கும் தங்கைக்கும் பாதிப் பாதி. நால்வருக்கும் 1 கோடி நேராக வந்ததால் யாரும் யாருக்கும் எதுவும் கொடுத்ததாக ஆகவில்லை. குடும்பப் பாகப்பிரிவினைக்கும் பங்குக்கு 1 சதவீத முத்திரைத் தீர்வை, பங்குக்கு 40,000 உச்சவரம்பு. பதிவுக் கட்டணம் பங்குக்கு அதிகபட்சம் 10,000. இதற்கும் மேலே சொன்ன மதிப்பீட்டு அறிக்கைதான் ஆதாரம். பங்குகள் சமம் என்று காட்ட அது இல்லாவிட்டால் பிரிவினையையும் சந்தேகப்படுவார்கள். சொத்து அப்படி அழகாகப் பிரியாத வீடுகளில் குறையும் தொகையை வங்கி வழியாகக் கொடுத்து ஈடுகட்டிப் பத்திரத்திலேயே எழுதலாம். ஆனால் அந்த ஈட்டுத்தொகைக்கு இந்தியாவில் ஆதாய வரி வருமா என்று கையெழுத்துக்கு முன் ஆடிட்டரிடம் கேளுங்கள். பழைய விடுதலைப் பத்திரத்துக்கு எழுத்துக்கூலி, வக்கீல் கட்டணம், இடையில் ஓடிப்போன மாதங்கள் எல்லாம் நஷ்டம்தான். அந்த இடைவெளியில் மனைக்கு வந்திருந்த முதல் பார்ட்டியும் வேறு இடம் பார்த்துக்கொண்டார்.

வெளிநாட்டில் இருப்பவர் தன் சார்பில் கையெழுத்திட ஊரில் ஒருவருக்கு அதிகாரம் கொடுக்கும் பவர் பத்திரத்தில் தெரிந்துகொள்ள வேண்டியது கொஞ்சம் இருக்கிறது. அமெரிக்காவிலிருந்து என்றால் அங்கே நோட்டரி முன் கையெழுத்திட்டு அந்த மாநிலத்தின் அப்போஸ்டில், அதாவது வேறு நாடு ஏற்கும் சான்று முத்திரை, வாங்கலாம், அல்லது இந்தியத் துணைத் தூதரகத்தில் சான்று பெறலாம். ஜெர்மனிக்கும் நமக்கும் இடையில் அப்போஸ்டில் நடைமுறை இல்லை. இந்தியா அந்த ஒப்பந்தத்தில் சேர்ந்தபோது ஜெர்மனி ஆட்சேபம் தெரிவித்ததால், அங்கிருந்து வருவதற்குத் தூதரகச் சான்றுதான் வழி. பத்திரம் இந்தியாவுக்குள் வந்த நாளிலிருந்து 3 மாதத்துக்குள் இங்கே மாவட்டப் பதிவாளரிடம் கொடுத்து முத்திரைத் தீர்வை கட்டி அட்ஜுடிகேஷன், அதாவது கட்டிய தீர்வை சரி என்ற சான்று, பெற வேண்டும். எந்த நாள் வந்தது என்பதற்குக் கூரியர் உறையைத் தூக்கிப்போடாமல் பத்திரத்தோடு வையுங்கள். பவரில் "என் சொத்துக்கள் அனைத்தும்" என்று பொதுவாக எழுதாமல் சர்வே எண், உட்பிரிவு, விஸ்தீரணம், நான்கு எல்லை, எந்தச் சார்பதிவாளர் அலுவலகம் என்று எழுதி, பாகப்பிரிவினையில் கையெழுத்திட, விற்க, பணம் பெற, வருமான வரி அலுவலகத்தில் ஆஜராக என்று ஒவ்வொரு அதிகாரத்தையும் தனித்தனியாகச் சொல்ல வேண்டும். பவர் ஏஜெண்ட் பதிவு செய்யும்போது எழுதிக்கொடுத்தவர் உயிரோடு இருக்கிறார் என்ற சான்றும் கேட்பார்கள். அதைப் பதிவு நாளுக்கு ஒட்டி வாங்கச் சொல்லுங்கள், சீக்கிரம் வாங்கிவைத்தால் காலாவதியாகும்.

மனை விற்பனையில் பணம் மாட்டியது வேறு இடத்தில். உள்ளூர்க்காரர் விற்றால் 50 லட்சமும் அதற்கு மேலும் போகும் சொத்துக்கு வாங்குபவர் 1 சதவீதம் வரியாகப் பிடிப்பார், அதைத்தான் எல்லோரும் அறிவார்கள். விற்பவர் வெளிநாட்டில் குடியிருப்பவர் என்றால் கணக்கே வேறு. நீண்டகால ஆதாயத்துக்கு 12.5 சதவீதம், தொகை 50 லட்சத்தைத் தாண்டினால் அதன் மேல் 10 சதவீத சர்சார்ஜ், எல்லாவற்றுக்கும் மேல் 4 சதவீத செஸ். கூட்டினால் 14.3 சதவீதம். 50 லட்சத்துக்குக் கீழ் விலக்கு என்பதும் இதில் இல்லை. ஆதாயம் எவ்வளவு என்று வருமான வரித்துறை சான்றிதழ் தராதவரை, வாங்குபவர் தன் பாதுகாப்புக்காக முழு விலையிலும் பிடிப்பார். மனையில் ஆளுக்கு வரும் பாதியான 80 லட்சத்துக்கு 11,44,000 ரூபாய். தங்கைக்கு இதிலும் ஒரு அடி. பானை ஆதாரோடு இணைக்கவில்லை. வெளிநாட்டில் குடியிருப்பவர்களுக்கு இணைக்கும் கட்டாயம் இல்லைதான், ஆனால் வருமான வரி இணையதளத்தில் குடியிருப்பு நிலையை மாற்றிப் பதிந்திருக்க வேண்டும். பதியாததால் பான் செயலிழந்து கிடந்தது, பிடித்தம் 20 சதவீதம் என்றார்கள். 16 லட்சம். கணக்குத் தாக்கல் செய்து திரும்பப் பெறலாம், ஆனால் அதுவரை அந்தக் கூடுதல் 4,56,000 அரசாங்கத்திடம் கிடக்கும். இதைத் தவிர்க்க இரண்டு நிமிட வேலைதான், அட்வான்ஸ் வாங்கும் முன்பே பான் நிலையைச் சரிபார்ப்பது. குறைந்த பிடித்தச் சான்றிதழுக்கும் கிரைய ஒப்பந்தம் போட்டவுடனே விண்ணப்பிக்க வேண்டும், பத்திரப்பதிவு நாள் குறித்த பிறகு ஓடினால் கிடைக்காது. வெறும் பழைய மனைக்கு ஆதாயமும் விலையும் கிட்டத்தட்ட ஒன்றுதான், சான்றிதழால் பெரிய மிச்சம் வராது. வீடு கட்டிய செலவு இருந்தாலோ, 6 மாதத்துக்குள் 50 லட்சம் வரை ஆதாய விலக்குத் தரும் கடன் பத்திரங்களில் போடுவதாக இருந்தாலோ நல்ல வித்தியாசம் வரும். அந்தப் பத்திரத்தில் பணம் 5 வருடம் பூட்டிக்கிடக்கும் என்பதையும் நினைவில் வையுங்கள். 2024 ஜூலை 23-க்குப் பிறகு இன்டெக்ஸேஷனோடு (பழைய விலையைப் பணவீக்கத்துக்கு ஏற்ப உயர்த்திக் கணக்கிடுவது) 20 சதவீதம் என்ற மாற்று வழி உள்ளூர்வாசிகளுக்கு மட்டுமே, வெளிநாட்டில் இருப்பவர்களுக்கு இல்லை. 2026 ஏப்ரல் முதல் புதிய வருமான வரிச் சட்டம் என்பதால் பிரிவு எண்களும் படிவ எண்களும் மாறியிருக்கும், அதனால்தான் நான் எண்ணைச் சொல்லாமல் வேலையைச் சொல்கிறேன்.

"பத்திரத்துல பாதி, கையில பாதி" பேச்சு நிச்சயம் வரும். வெளிநாட்டு வாரிசுக்கு அது விஷம். வெளிநாட்டில் இருப்பவர் இந்திய வருமானத்துக்கு வைக்கும் என்ஆர்ஓ வங்கிக் கணக்கில் ரொக்கம் ஏறாது, ஏறாத பணம் வெளியே போகாது. நிலம் விற்பதற்கு 20,000 ரூபாயோ அதற்கு மேலோ ரொக்கம் வாங்கினால் வாங்கிய தொகைக்குச் சமமான அபராதம். வெள்ளையாக வந்த பணம் மட்டும் என்ஆர்ஓ கணக்கு வழியாக ஒரு நிதியாண்டில் 10 லட்சம் டாலர் வரை, ஆடிட்டர் சான்றோடு வெளியே போகலாம்.

தோப்பை என்றாவது விற்பதாக இருந்தால் ஒரு தூரக் கணக்கு இருக்கிறது. கிராமப்புற விவசாய நிலத்துக்கு இந்தியாவில் ஆதாய வரி இல்லை. நகராட்சி எல்லையிலிருந்து, மக்கள்தொகை 10,000-க்கு மேல் 1 லட்சம் வரை என்றால் 2 கிலோமீட்டர், 10 லட்சம் வரை என்றால் 6, அதற்கும் மேல் 8. கிருஷ்ணகிரி, தர்மபுரி இரண்டும் 2 கிலோமீட்டர் வகை. ஓசூர் 6 கிலோமீட்டர் வகை. தூரத்தை ரோட்டுக் கணக்கில் இல்லாமல் நேர்கோட்டில் அளப்பார்கள். மக்கள்தொகை பத்தாயிரத்தைத் தாண்டிய பேரூராட்சியும் கணக்கில் வரும் என்பதால், "நம்ம நிலம் பஞ்சாயத்துலதான் இருக்கு" என்று நம்பி உட்காராதீர்கள். தாசில்தாரிடமிருந்து தூரச் சான்று வாங்கிவைத்தால் பிறகு வாதம் இல்லை. ஒரு விஷயம், வெளிநாட்டில் இருக்கும் வாரிசு விவசாய நிலத்தை இந்தியாவில் குடியிருப்பவருக்கு மட்டுமே விற்கலாம்.

தங்கை பக்கம் அமெரிக்காவில் வரி ஒரு பைசா இல்லை, ஆனால் தகவல் கொடுக்காவிட்டால் அபராதம். வெளிநாட்டுக்காரரின் சொத்திலிருந்து ஒரு வருடத்தில் 1 லட்சம் டாலருக்கு மேல் வந்தால் படிவம் 3520. தாமதத்துக்கு மாதம் 5 சதவீதம், 25 சதவீதம் வரை. 1 கோடி ரூபாய் அந்த வரம்பை லேசாகத் தாண்டுகிறது. வங்கி விஷயமும் இருக்கிறது. இந்தியக் கணக்குகளில் எல்லாம் சேர்த்து வருடத்தின் எந்த நாளிலாவது 10,000 டாலரைத் தாண்டினால் எஃப்பார் என்ற தனி அறிக்கை. இதில் பலர் மாட்டுவது அம்மா கணக்கில் "அவசரத்துக்கு இருக்கட்டும்" என்று மகள் பெயரைச் சேர்ப்பதால்தான். பணம் அம்மாவுடையது என்றாலும் பெயர் இருப்பதால் மகள் சொல்ல வேண்டும். நாமினி போதும், கூட்டுக் கணக்கு வேண்டாம். 2025 நவம்பரிலிருந்து வங்கிக் கணக்குக்கு 4 நாமினி வரை போடலாம். அப்பா பெயரில் மியூச்சுவல் ஃபண்ட் இருந்தால் அதை அமெரிக்காவில் இருப்பவர் பங்கில் விடாதீர்கள், அங்கே அதற்கு வரிக் கணக்கு படு சிக்கல். இன்னொரு பொருத்தமின்மையும் உண்டு. இந்தியா பழைய விலையிலிருந்து ஆதாயம் கணக்கிட்டு வரி எடுக்கும், அமெரிக்கா இறந்த தேதி விலையிலிருந்து கணக்கிட்டு லாபமே இல்லை என்னும். அப்போது இங்கே கட்டிய வரியை அங்கே கழிக்க அங்கே வரியே இருக்காது.

பிரிட்டனில் இருக்கும் டாக்டர், நர்ஸ் பிள்ளைகள் உள்ள வீடுகளில் கேள்வியைத் திருப்பிப் போட வேண்டும். அப்பா சொத்து மகனுக்கு வருவதில் அங்கே வாரிசு வரி இல்லை. மகன் இறந்தால்தான் வரி. 2025 ஏப்ரல் 6 முதல், கடைசி 20 வரி ஆண்டுகளில் 10 ஆண்டு அங்கே குடியிருந்தவருக்கு உலகம் முழுவதும் உள்ள சொத்தும் கணக்கில் வரும், பாலக்கோட்டு நிலமும் சேர்த்து. 3,25,000 பவுண்டுக்கு மேல் 40 சதவீதம். வீடு நேர் சந்ததிக்குப் போனால் இன்னும் 1,75,000 விலக்கு. இறந்த மாதம் முடிந்து 6 மாதத்துக்குள் கட்ட வேண்டும். இதில் இந்தியர்களுக்கு 1956-இல் போட்ட ஒரு ஒப்பந்தம் இன்னும் உயிரோடு இருக்கிறது. இறக்கும்போது அவருடைய டொமிசைல், அதாவது சட்டப்படி நிரந்தரத் தாயகம், இந்தியா என்றிருந்தால் பிரிட்டனுக்கு வெளியே உள்ள சொத்தில் அவர்கள் கைவைக்க முடியாது, அந்தச் சொத்து பிரிட்டிஷ் சட்டத்தின் கீழ் எழுதிய உயில் வழியாகப் போகாத பட்சத்தில். எனவே அங்கே ஒரே உயிலில் எல்லாவற்றையும் அடக்காமல், இந்தியச் சொத்துக்கு இந்தியச் சட்டப்படி தனி உயில். இரண்டு உயிலிலும் "இதற்கு முன் எழுதியவை அனைத்தும் ரத்து" என்ற வழக்கமான வரி மற்றொன்றைக் கொன்றுவிடாதபடி எழுத வேண்டும். திரும்பி வரும் எண்ணம் உண்மையிலேயே இருக்கிறதா, டொமிசைல் நிற்குமா என்பதை அங்கே ஒரு வழக்கறிஞரிடம் எழுத்தில் வாங்கிவைப்பது நல்லது.

ஊரிலேயே இருந்துகொண்டு அமெரிக்க வரியில் மாட்டுபவர்களும் இருக்கிறார்கள், இதை யாரும் பேசுவதில்லை. ஓசூரில் குடியிருந்து பெங்களூர் ஐடி கம்பெனிக்குப் போகிறவர்களுக்குச் சம்பளத்தோடு அமெரிக்கத் தாய் நிறுவனத்தின் பங்கு வருகிறது. அது அமெரிக்கச் சொத்து. அமெரிக்காவில் குடியிருக்காத வெளிநாட்டவர் இறந்தால் 60,000 டாலர் வரைதான் விலக்கு. அவர்கள் ஊர்க்காரர்களுக்கு 2026-இல் 1.5 கோடி டாலர் விலக்கு, நமக்கு 60,000! இந்தியாவுக்கும் அமெரிக்காவுக்கும் இதற்கு ஒப்பந்தமும் கிடையாது. 2 லட்சம் டாலர் பங்கு வைத்திருந்தால் வரி 41,800 டாலர். படிவம் 706-என்ஏ 9 மாதத்துக்குள் கொடுத்து, அங்கிருந்து விடுவிப்புச் சான்று வந்த பிறகே புரோக்கர் பங்கை மனைவி பெயருக்கு மாற்றுவார். நாமினி போட்டிருப்பதால் வரி குறையாது. பங்கு கைக்கு வர வர விற்று, இருப்பை 60,000-க்குக் கீழ் வைத்து, மீதியை இந்தியாவுக்குக் கொண்டுவந்துவிடுவதுதான் எளிய வழி.

இப்போது அம்மா பங்குக்கு உயில் எழுதியாகிவிட்டது. இந்த மாவட்டங்களில் உள்ள சொத்துக்கான இந்து உயிலுக்கு புரொபேட், அதாவது உயில் செல்லும் என்ற நீதிமன்றச் சான்று, கட்டாயம் இல்லை, உயிலுக்கு முத்திரைத்தாளும் வேண்டாம், பதிவும் கட்டாயமில்லை. இருந்தாலும் பதிந்தோம். சாட்சிகள் இரண்டு பேரும் அம்மாவைவிட வயதில் இளையவர்கள், உள்ளூரிலேயே இருப்பவர்கள், சொத்தில் பங்கில்லாதவர்கள். தோப்பில் அம்மாவின் பாதி இந்தியாவில் இருக்கும் எனக்கு நேராக வரும்படி எழுதியிருப்பதால், பிறகு அண்ணன் எதையும் விட்டுக்கொடுக்க வேண்டியிருக்காது. அண்ணனுக்கும் தங்கைக்கும் ஈடாக அம்மாவின் வைப்புத்தொகையும் நகையும். உயிலின் நகல் ஒன்று ஜெர்மன் ஆலோசகரிடமும் ஒன்று தங்கையின் ஆடிட்டரிடமும் போய்விட்டது. யாராவது நாடு மாறினால் அதைத் திரும்ப எடுத்துப் பார்க்க வேண்டும் என்று பேசிவைத்திருக்கிறோம், அண்ணன் கனடா போகலாமா என்று இப்போதே கேட்டுக்கொண்டிருக்கிறார்.